பெயர் மாறிய ரத்தம்

மருத்துவ அறைக்கு வெளியே கிடந்த இரும்பு பெஞ்சில் திம்மராயன் வந்து உட்கார்ந்தபோது மணி பத்து நாற்பது. கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் அவன் பெயர், டோக்கன் எண், காஸ்டிங் என்று பிரிவின் பெயர், எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பு மையில் நாற்பத்தேழு என்று ஓர் எண். பேட்டரித் தகடுகளுக்காக ஈயத்தை உருக்கி அச்சில் வார்க்கும் அந்தப் பிரிவில் அவனுக்குப் பதினாறு வருடம் கழிந்திருந்தது. வருடத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்து அதில் எவ்வளவு ஈயம் ஏறியிருக்கிறது என்று கம்பெனி பார்ப்பதும், நாற்பதைத் தாண்டியவர்களை இந்தப் பெஞ்சில் உட்கார வைப்பதும் அவனுக்குப் புதிய செய்தி அல்ல. அப்படிப்பட்டவனை நாற்பத்தேழு என்ற எண் நடுங்க வைத்திருக்க வேண்டும். அவனோ கள்ள நோட்டைச் சோதிக்கும் கடைக்காரனைப் போலச் சீட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான், மடித்தான், மறுபடி பிரித்தான். உள்ளுக்குள் ஒருவிதக் குரூர மகிழ்ச்சிகூட ஊறிக்கொண்டிருந்தது. அகப்பட்டுக்கொண்டார்கள் என்று நினைத்தான். இத்தனை நாளாக எதைச் சந்தேகப்பட்டானோ அது எழுத்தில், சிவப்பு மையில், அவன் கைக்கே வந்துவிட்டது. ஏனென்றால் சோதனைக்குப் போன அந்த ரத்தம் அவனுடையதே அல்ல.

அது எல்லப்பனுடைய ரத்தம். மூன்று வாரத்துக்கு முன்னால் பெங்களூரிலிருந்து வந்த லேப் ஆட்கள் கேன்டீன் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டோக்கன் எண்ணைக் கூப்பிட வேண்டியது, வருகிறவன் கையை நீட்ட வேண்டியது, குழாயில் எண் ஒட்ட வேண்டியது. அவ்வளவுதான் அவர்கள் வேலை. தலையில் தொப்பி, முகத்தில் பாதியை மறைக்கும் மாஸ்க், எல்லோருக்கும் ஒரே நீலச் சீருடை. எந்த முகம் எந்தப் பெயருக்கு உரியது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பேக்கிங்கில் பெட்டிக்கு டேப் ஒட்டும் எல்லப்பனிடம் டோக்கனையும் மாஸ்க்கையும் கொடுத்து, நீ போய் என் பெயரில் கையை நீட்டிவிட்டு வா என்று திம்மராயன் அனுப்பினான். பேக்கிங்கில் ஈயம் கிடையாது. அங்கே வருவது மூடி போட்டு முடித்த பேட்டரி. ஆகவே அங்கே மாஸ்க் இல்லை, சோதனையும் இல்லை. எல்லப்பன் மறுக்கவில்லை. சிரித்துக்கொண்டே போனான். "நம்மளது பேக்கிங் ரத்தம்ணா, பசும்பால் மாதிரி. உனக்கு மெடலே குடுப்பாங்க பாரு" என்றான். அவன் திரும்பி வரும்வரை திம்மராயன் அவனுடைய இடத்தில் நின்று பெட்டிகளுக்கு டேப் ஒட்டினான். பசும்பால் மாதிரி இருந்த ரத்தத்தில் நாற்பத்தேழு எங்கிருந்து வரும்? எழுதினால் வரும். எழுதுகிற கை கம்பெனியின் கை. எழுதச் சொல்கிற வாய் கம்பெனியின் வாய். இதற்கு ஊசி எதற்கு, குழாய் எதற்கு, பெங்களூர் எதற்கு? பெயர்ப் பட்டியலை எடுத்து வேண்டாதவன் பெயருக்கு நேரே ஓர் எண்ணைப் போட்டால் தீர்ந்தது வேலை. இதை இப்படியே உள்ளே போய் டாக்டரம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். எண்ணம் அந்த இடம்வரை ஜம்மென்று ஓடி, அங்கே ஆணியில் சிக்கிய சட்டையைப் போல நின்றது. சொல்ல முடியாது. உங்கள் எண் பொய் என்று சொல்ல வேண்டுமானால் என் பெயர் பொய் என்று முதலில் சொல்ல வேண்டும்.

சந்தேகம் அவனுக்கு வானத்திலிருந்து விழுந்துவிடவில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. டாக்டர் ரெஜினா இங்கே சேர்ந்த புதிதில் காஸ்டிங் ஆட்களை எல்லாம் கூட்டி வைத்து ஒரு மணி நேரம் பேசினாள். நோய் வந்து உடம்பு நம்மிடம் சொல்வதற்குப் பல மாதங்களுக்கு முன்னமே ரத்தம் அதை எழுதி வைத்துவிடுகிறது என்றாள். வயிறு வலிக்கத் தொடங்குமுன், கை மணிக்கட்டு தொங்கிப்போகுமுன், நினைவு தடுமாறுமுன், ரத்தத்தில் ஓர் அடையாளம் தெரியும். அதைப் படித்துவிட்டால் ஆளை ஈயத்திடமிருந்து விலக்கி வைத்துக் காப்பாற்றிவிடலாம் என்றாள். மற்றவர்கள் கம்பெனி கொடுத்த வாழைப்பழத்தைத் தின்றுகொண்டு கேட்டார்கள். திம்மராயன் மட்டும் பழத்தை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான்: என் உடம்பில் நடப்பதை எனக்குத் தெரியுமுன் தெரிந்துகொள்ள இவர்களுக்கு என்ன இத்தனை அவசரம்? அந்தக் கேள்விக்கு மறு வருடம் விடை கிடைத்தது. வஜ்ரவேல் என்ற கூட்டாளிக்கு நாற்பத்தொன்று வந்தது. தோட்ட வேலைக்கு மாற்றினார்கள். நல்ல காற்று, நல்ல வெயில், உடம்பு தேறிவிடும் என்றார்கள். செம்பருத்திச் செடிகளுக்கு ஆறு மாதம் தண்ணீர் ஊற்றினான் வஜ்ரவேல். ஏழாவது மாதம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் பட்டியலில் அவன் பெயர் இல்லை. கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் திம்மராயன் தன் ஆட்களுக்கு ஒரு கதை சொன்னான். மந்தையில் நோய்கண்ட ஆட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டுமென்று மேய்ப்பவன் அதன் முதுகில் சாயம் பூசுவான். சந்தையில் அறுப்புக்குப் பிடித்த ஆட்டின் முதுகிலும் கசாப்புக்காரன் சாயம் பூசுவான். இரண்டும் ஒரே சாயம், ஒரே தூரிகை. பூசும்போது இரண்டு பேருமே ஆட்டைத் தடவித்தான் கொடுப்பார்கள். பாவம், முதுகில் ஈரம் பட்ட ஆட்டுக்கு யார் பூசினார்கள் என்று எப்படித் தெரியும்? ஆகவே புத்தியுள்ள ஆடு தூரிகையைக் கண்டாலே நழுவிவிட வேண்டும். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். நஞ்சுண்டன் மட்டும், "நழுவறதுன்னா எங்கண்ணா போறது, மந்தைதான இருக்கு?" என்று கேட்டான். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் டோக்கன் மாற்றுகிற வித்தை. ஆடு எங்கும் போக வேண்டியதில்லை. தன் இடத்தில் இன்னோர் ஆட்டை நிறுத்திவிட்டால் போதும். கதை சொன்னவன் அந்த இன்னோர் ஆட்டைப் பற்றி அன்று யோசிக்கவில்லை. கதை சொல்லுகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள குறை இது: தங்களை எப்போதும் தப்பித்த ஆட்டின் இடத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள்.

அட்டெண்டர் பச்சையப்பன் கையில் டீ கிளாஸோடு வந்து பெஞ்சை ஒட்டி நின்றான். அவன் வாய்க்கு அந்தக் கம்பெனியில் ஓய்வே கிடையாது. "நாப்பத்தேழாமே? உன்னைப் பிளக்குல மாட்டுனா ரெண்டு தெருவுக்கு லைட் எரியும் போலிருக்கே" என்றான். திம்மராயன் சிரிக்கவில்லை. வேறு யார் யாருக்கு வந்திருக்கிறது என்று மெதுவாகக் கேட்டான். இந்த வருடம் மொத்தமே இரண்டு பேர்தான், உள்ளே இருக்கிற நஞ்சுண்டனும் வெளியே இருக்கிற நீயும் என்று சொல்லிவிட்டுப் பச்சையப்பன் போய்விட்டான். திம்மராயன் கணக்குப் போட்டான். நாற்பத்திரண்டு பேர் காஸ்டிங்கில். அத்தனை பேரில் இரண்டு பேர். நஞ்சுண்டனும் டோக்கன் மாற்றியவன். பேக்கிங்கில் லேபிள் ஒட்டுகிற ஒரு பையனை அனுப்பியவன். சொந்த ரத்தத்தைக் கொடுத்த நாற்பது பேரும் நிம்மதியாக உலையடியில் நிற்கிறார்கள். மாற்றிக் கொடுத்த இரண்டு பேர் மட்டும் பெஞ்சுக்கு வந்திருக்கிறார்கள். அப்படியானால் விஷயம் வேறு. எல்லாம் தெரிந்துவிட்டது. கேன்டீன் கூடத்தில் கேமரா இருந்ததா? மூலையில், தண்ணீர் ட்ரம்முக்கு மேலே, கறுப்பாக ஒன்று இருந்தது. குளவிக்கூடு என்றுதான் அன்று நினைத்தான். குளவிக்கூட்டுக்கு ஒயர் இருக்குமா? இருந்ததாக இப்போது தோன்றுகிறது. இல்லையென்றால் எல்லப்பன் உளறியிருப்பான். அல்லது லேபிள் ஒட்டுகிறவன். அல்லது நஞ்சுண்டனே, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. உள்ளே போய் இத்தனை நேரமாக என்ன பேசுகிறான்? இருபது நிமிடம் ஆகிவிட்டது. ஓர் எண்ணைச் சொல்லி அனுப்ப இருபது நிமிடமா? கதவுக்குப் பின்னால் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. யாரோ தாழ்ந்த குரலில் பேசினார்கள். தன் பெயரா? காதைக் கூர்மையாக்கினான். ஃபேன் சுற்றும் ஓசையில் எல்லாச் சொல்லும் தன் பெயராகவே கேட்டது.

இருந்தாலும் ஒரு கணக்கு உதைத்தது. தெரிந்துவிட்டதென்றால் டாக்டரம்மா எதற்கு? செக்யூரிட்டி ஆபீசர் அல்லவா கூப்பிட்டு அனுப்ப வேண்டும்? எல்லப்பனையும் சேர்த்து அல்லவா நிறுத்த வேண்டும்? திருட்டைக் கண்டுபிடித்தவன் திருடனிடம் எண் எழுதின சீட்டைக் கொடுப்பானா? தண்டிக்க நினைத்தால் நேராகவே தண்டிக்கலாம். நாற்பத்தேழு என்று எழுதித் தண்டிக்க வேண்டிய அவசியம் இல்லை. நஞ்சுண்டன் சீட்டில் எவ்வளவு என்று காலையில் எட்டிப் பார்த்திருந்தான். நாற்பத்து நான்கு. பொய்யாக எழுதுகிறவன் இருவருக்கும் இருவேறு எண் எழுதுவானா? எழுதுவான், நம்ப வைக்க. நம்ப வைக்க எழுதுவானென்றால் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று கோட்டை ஒட்டியல்லவா எழுதுவான்? சந்தேகம் கம்பெனியை விட்டுவிட்டு, இரை தேடும் நாயைப் போல மோப்பம் பிடித்துக்கொண்டு எல்லப்பன் பக்கம் திரும்பியது. இந்த எல்லப்பன் வீட்டில் ஏதாவது காய்ச்சுகிறானோ? அணையில் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு ஈய வலைக்குண்டு வார்த்துக் கொடுக்கிறானோ? பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கிற குடிசைகள் ஏரிக்கரைப் பக்கம் இருக்கின்றன. அங்கே போய் வருகிறானோ? ஆள் சிரித்துக்கொண்டே இருப்பான். சிரிக்கிறவனை நம்பக் கூடாது. ஆனால் எல்லப்பன் இப்போதெல்லாம் சிரிப்பதில்லையே என்று இன்னோர் எண்ணம் வந்து குறுக்கே நின்றது. போன வாரம் டேப் ஒட்டும் கருவி அவன் கையிலிருந்து இரண்டு முறை நழுவி விழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் பக்கம் போகிறவன் போன வேகத்திலேயே திரும்பி வருகிறான். மலம் இறங்கி நாலு நாளாகிறது என்று வெட்கத்தோடு சொன்னான். ஹோட்டல் பரோட்டாவை விடு என்று திம்மராயன்தான் வைத்தியம் சொன்னான். வயிறு வலிக்கத் தொடங்குமுன், மணிக்கட்டு தொங்குமுன் என்று டாக்டரம்மா வரிசையாகச் சொன்னாளே. அது காஸ்டிங் ஆட்களுக்காகச் சொன்ன வரிசை. அதைப் பேக்கிங் ஆளின் உடம்பில் ஏற்றிப் பார்க்க வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்? எல்லப்பன் ஒருவன் என்றால் வலைக்குண்டு என்று சொல்லலாம். லேபிள் ஒட்டுகிறவன் ஏரிக்கரைக்குப் போகிறவன் அல்ல. கோயிலும் வீடுமாக இருக்கிற பையன். இரண்டு ரத்தம். இரண்டும் பேக்கிங் ரத்தம். அந்தப் பிரிவிலிருந்து இதுவரை சோதனைக்குப் போன ரத்தமே அந்த இரண்டும்தான். எண் பொய்யாக இல்லாமல் இருந்தால்? இந்த எண்ணத்தைத் திம்மராயன் உடனே தள்ளினான். அது போகவில்லை. காலில் குத்திய முள்ளைப் போல, அடி எடுத்து வைக்கும்தோறும் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிற்று.

பவளம். மகளுடைய பெயர் மனத்தில் வந்தபோது அவன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான். எழுந்தது ஏனென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். பவளம் பேக்கிங்கில்தான் வேலை செய்கிறாள். எல்லப்பனுக்கு அடுத்த மேசை. பிள்ளையுண்டாகி நாலாவது மாதம். கல்யாணமாகி அடுத்த வருடம் வேலைக்குப் போகிறேன் என்று அவள் நின்றபோது, மேனேஜர் காலில் விழாத குறையாக நின்று பேக்கிங்கில் வாங்கிக் கொடுத்தவன் இவன்தான். அங்கே ஈயமில்லை, புகையில்லை, சுத்தமான இடம். தாயின் ரத்தத்தில் இருக்கிற ஈயம் வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்துக்கும் போய்விடும், ஆகவேதான் காஸ்டிங்கில் பெண்களை வைப்பதில்லை என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்கே, நல்லவேளை என்று நினைத்துக்கொண்டான். போன ஞாயிற்றுக்கிழமை பவளம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வாய்க்குள்ளே காசு போட்டுச் சப்புகிற மாதிரியே இருக்கிறது, எதைத் தின்றாலும் இரும்பு வாசம் என்றாள். அவளுடைய அம்மா, மசக்கையில் எல்லாம் அப்படித்தான் என்றாள். காசு போட்டுச் சப்புகிற மாதிரி. காஸ்டிங்கில் சேர்ந்த முதல் வருடம் திம்மராயனுக்கும் அதே காசு வாயில் இருந்தது. அப்போது மாஸ்க் கிடையாது. அதற்குப் பிறகு மாஸ்க் வந்தது, குளியலறை வந்தது, சாப்பாட்டுக்கு முன்னால் குளித்துச் சீருடை மாற்ற வேண்டும் என்ற விதி வந்தது. விதியைச் சுவரில் எழுதினார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான் விட்டார்கள். குளிக்கப் போனால் வரிசையிலேயே பதினைந்து நிமிடம் போய்விடும். ஆகவே காஸ்டிங் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உலைப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டால்தானே விஷம்? சுத்தமான இடத்துக்குப் போய்ச் சாப்பிட்டால்? பேக்கிங்கில் ஃபேன் உண்டு, தரை குளிர்ச்சி, கீழே விரிக்க அட்டைக்குப் பஞ்சமில்லை. பன்னிரண்டரை மணி அடித்தவுடன் இருபது பேர் தூக்குவாளியோடு அங்கே போவார்கள். அழுக்கோடு நுழையக் கூடாது என்ற மரியாதை தெரிந்தவர்கள் அவர்கள். பேக்கிங் வாசலில் நின்று சட்டையையும் கால்சட்டையையும் படபடவென்று நன்றாகத் தட்டி உதறிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். தினமும். நாலு வருடமாக. தட்டின தூசி எங்கே போயிற்று? உள்ளே ஃபேன் சுற்றியது. பவளம் அவனுக்கு இடம் போட்டு வைத்திருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தட்டிலிருந்து பொரியலைத் தன் விரலால் எடுத்துச் சாப்பிடுவாள்.

மனம் அந்த இடத்தில் நின்றுவிட்டிருக்கலாம். நிற்கவில்லை; மனம் எப்போது நின்றது? இது என் கற்பனை என்று ஒரு பக்கம் வாதாடியது. லேப்பில் குழாய்கள் மாறியிருக்கும். சிவப்பு மை பேனா தவறியிருக்கும். உதறின தூசி ஒரு சிட்டிகை இருக்குமா? பதினாறு வருடம் அதை மூச்சோடு இழுத்த என்னையே ஒன்றும் செய்யவில்லையே? போன வருடம் முப்பத்தொன்பது வந்ததே, அது ஒன்றும் செய்யாததா? இந்த வருடம் என் சொந்த ரத்தம் என்ன சொல்லியிருக்கும்? அதைக் கேட்கவே விடவில்லையே நான். சந்தேகம் காவலுக்கு உதவும் நல்ல குணம்தான். பிறரைக் கண்டு குரைப்பதோடு அது நின்றுவிட்டால், வீட்டுக்காரனுடைய காலடியில் ஒட்டிக்கொண்டு உள்ளே வருவதை யார் பார்ப்பது? ஊரையெல்லாம் கேள்வி கேட்கும் மனிதனே, உன் சட்டையைக் கேட்டாயா? உன் கையைக் கேட்டாயா? யாரும் கேட்க முடியாத அந்தக் கேள்வியை, வாய் பேசாத ஒரு சொட்டு ரத்தம் கேட்டுவிட்டது. அதுவும் பொய்யான பெயரில் போய் மெய்யைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறது. அந்தப் பெயர் அப்படியே இருக்கும்வரை அது சொன்ன மெய் ஒருவருக்கும் விளங்காது. காஸ்டிங் ஆளுக்கு நாற்பத்தேழு, இதிலென்ன அதிசயம் என்று கோப்பில் போட்டு மூடுவார்கள். பேக்கிங்கை எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கதவு திறந்தது. நஞ்சுண்டன் வெளியே வந்தான். முகத்தில் தப்பித்தவனுடைய பளபளப்பு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பெஞ்சில் அருகே உட்கார்ந்து, வாயை மறைத்துக்கொண்டு கிசுகிசுத்தான். தோட்டமெல்லாம் இல்லையாம். வஜ்ரவேல் விஷயத்தில் தொழிலாளர் ஆபீசிலிருந்து கேள்வி வந்ததால் விதியை மாற்றிவிட்டார்களாம். நாற்பதைத் தாண்டினவனை இனிமேல் ஈயமில்லாத பிரிவுக்கு மாற்ற வேண்டும், ஒரு வருடத்துக்குக் கான்ட்ராக்டில் கை வைக்கக் கூடாது என்று எழுதியே கொடுக்கிறார்களாம். "பேக்கிங் போட்டுட்டாங்கண்ணா. உலையும் இல்ல, புகையும் இல்ல. உனக்கும் அங்கதான். கேட்டதுக்கெல்லாம் சரி சரின்னுட்டு வந்துரு. எல்லப்பனுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் குடுத்துரலாம்" என்று அவன் திம்மராயனுடைய தொடையில் தட்டினான். தட்டிய இடத்தில் நீலத் துணியிலிருந்து சாம்பல் நிறத்தில் மிக மெல்லியதாக ஏதோ எழுந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அது கொஞ்ச நேரம் நின்றது. நஞ்சுண்டன் அதைப் பார்க்கவில்லை. சரி என்று ஒரு சொல் போதும். மகளுக்குப் பக்கத்து மேசை, ஒரு வருடம் பயமில்லாத வேலை. இத்தனை நாள் அவன் அஞ்சிய அந்தத் தூரிகை கடைசியில் மேய்ப்பவனுடையதாகவே இருந்துவிட்டது. அது தவறான முதுகில் விழுந்திருப்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். அவர்களில் ஒருவன் பிரியாணியைப் பற்றி யோசித்துக்கொண்டு நடந்து போகிறான்.

டாக்டர் ரெஜினா அவனை உட்காரச் சொன்னாள். போன வருட எண்ணையும் இந்த வருட எண்ணையும் அடுத்தடுத்து எழுதி வைத்திருந்தாள். மாஸ்க் ஒழுங்காகப் போடுகிறீர்களா, வயிற்று வலி உண்டா, கை மரத்துப்போகிறதா என்று கேட்டாள். ஆமாம், இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவன் மூன்றாவது கேள்விக்குச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த ரத்தம் என்னுது இல்லீங்க டாக்டரம்மா."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். முகத்தில் கோபம் வரவில்லை, வந்தது அலுப்பு. நம்பிக்கையில்லாத அந்தப் பார்வையை அவனுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளாக அவன் அந்த அறையைப் பார்த்த பார்வை அதுதான். இன்று அது மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் மேல் விழுந்தது. எண் கூடி வந்தவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான் என்றாள். லேப்பில் மாறிவிட்டது, குழாய் மாறிவிட்டது, என் ரத்தம் இல்லை. வேலை போய்விடும் என்ற பயம் புரிகிறது, வேலைக்கு ஒன்றும் ஆகாது, உங்களைப் பேக்கிங்குக்கு மாற்ற எழுதியிருக்கிறேன் என்று ஒரு தாளை அவன் பக்கம் திருப்பினாள்.

"பேக்கிங் குடுத்தா எனக்கு லாபம்தாங்க. லாபத்த வேணாம்னுட்டு ஒருத்தன் பொய் சொல்லுவானா?" என்றான். தன் குரல் தனக்கே அன்னியமாக இருந்தது. "டோக்கன வேற ஆள் கையில குடுத்து அனுப்புனேன். அவன் காஸ்டிங் ஆள் இல்ல, பேக்கிங்ல டேப் ஒட்டுற எல்லப்பன். மாஸ்க்கும் கெடையாது, டெஸ்ட்டும் கெடையாது அவங்களுக்கு. அவன் ரத்தத்துலதான் நாப்பத்தேழு. வேற யாரு மாத்துனாங்கன்னு எங்கிட்ட கேக்காதீங்க. பேக்கிங்ல இருக்கற அத்தன பேருக்கும் எடுத்துப் பாருங்க."

அதன் பிறகு சாப்பாட்டு நேரத்தைப் பற்றிச் சொன்னான். குளியலறை வரிசை, வாசலில் உதறுவது, ஃபேன், அட்டை, எல்லாம் சொன்னான். சொல்லச் சொல்ல டாக்டரின் முகத்திலிருந்து அலுப்பு வடிந்து போவதையும், அங்கே வேறொன்று வந்து உட்காருவதையும் பார்த்தான். அவள் அவனுடையதும் நஞ்சுண்டனுடையதுமான இரண்டு சீட்டுகளையும் எடுத்து அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தாள். பேக்கிங்கில் எத்தனை பேர் என்று கேட்டாள். முப்பத்தொரு பேர், பதினெட்டுப் பெண்கள் என்றான். ஒருத்திக்கு நாலாவது மாதம், அவள் என் மகள் என்று சொன்னபோது டாக்டர் ஏற்கெனவே போனைக் கையில் எடுத்திருந்தாள். நீங்கள் செய்தது பெரிய குற்றம், இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும், மேலே என்ன முடிவு செய்வார்கள் என்று எனக்கே தெரியாது என்று போனைக் காதில் வைத்துக்கொண்டே சொன்னாள். எழுதுங்கள் என்றான். கழுத்தில் தொங்கிய கேட் பாஸைக் கேளாமலே கழற்றி மேசையில் வைத்தான். சட்டைக் கையை மேலே சுருட்டி, இந்த முறை என்னுடையதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினான்.

ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு அவன் வெளியே வந்தபோது, நடைபாதையின் அந்தக் கோடியிலிருந்து பேக்கிங் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். வேலை நடுவில் கூப்பிட்டதற்கு ஏதோ கேலி பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் பவளம். அப்பாவைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு வேகமாக வந்தாள். அவள் தொடுகிற தூரத்துக்கு வருமுன் திம்மராயன் இரண்டடி பின்வாங்கிச் சுவரோரமாக நின்றுகொண்டான். என்னப்பா, எதற்கு ரத்தம், நம்முடைய பிரிவுக்கு இதெல்லாம் கிடையாதே என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நீதானப்பா சொன்ன, இவங்க ஊசிய நம்பாதன்னு? வேணும்னா சொல்லு, எனக்குப் பதிலா அந்தக் கேன்டீன் சரளாவ அனுப்பறேன். டோக்கன்தான?"

உள்ளேயிருந்து பச்சையப்பன் முதல் ஆளை வரச் சொல்லிக் குரல் கொடுத்தான். மகளுடைய முகத்தில் எந்தப் பயமும் இல்லை. தகப்பனிடம் கற்ற சாமர்த்தியம் மட்டும் இருந்தது. திம்மராயன் அவளுக்கு வழி விட்டு இன்னும் விலகினான்.

"வேணாம்மா," என்றான். "உள்ள போ. உன் பேரச் சொல்லிக் குடு."